தாபான் மரத்திலிருந்து தாப்பாவ் பை வரை

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. அதற்குள் முழுக்கப் பைகள். பசார் மாலாமில் மீன் வாங்கி வந்த சிவப்புப் பை, மருந்துக் கடையின் வெள்ளைப் பை, தீபாவளிக்குத் துணி வாங்கிய கனமான பை என்று எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். பாட்டி அவற்றைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, முக்கோணமாக மடித்து உள்ளே திணித்து வைப்பார். ஸ்கூடாயில் நாங்கள் இருக்கும் தாமானில் துணிக்கொடியில் பிளாஸ்டிக் பை காய்வது எங்கள் வீட்டில் மட்டும்தான். சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருக்கும். கூட்டாளிகள் வருகிற நாளில் நானே போய்க் கழற்றி வைத்துவிடுவேன்.

இப்போது எனக்கு 28 வயது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் பொறியியல் படித்துவிட்டு, பிளாஸ்டிக் பிலிம் ஊதும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பாட்டி ஒரு நாள் கழுவுகிற பைகள் ஐந்தோ ஆறோ இருக்கும். நான் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் அத்தனையையும் கண் இமைக்கிற நேரத்தில் ஊதித் தள்ளிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிளாஸ்டிக்கைக் குறைப்பதைப் பற்றி எழுதுகிறவனின் சம்பளம் பிளாஸ்டிக்கிலிருந்துதான் வருகிறது.

ஒரு நாள் பாட்டியிடம் கேட்டேன். "பாட்டி, உங்க காலத்துல பிளாஸ்டிக்கே கிடையாதுல்ல?"

"ஏதுடா அதெல்லாம்? டின்னும் இலையுந்தான்."

பாட்டியின் காலத்தைப் பொறுத்தவரை அது சரி. இந்த ஜொகூர் மண்ணைப் பொறுத்தவரை முழுக்கச் சரியில்லை. சூடு காட்டினால் இளகி, ஆறினால் இறுகி, நினைத்த வடிவத்தில் நிற்கும் பொருளைத்தான் எங்கள் துறையில் தெர்மோபிளாஸ்டிக் என்கிறோம். உலகச் சந்தைக்குப் பெரிய அளவில் போன முதல் தெர்மோபிளாஸ்டிக் எந்தத் தொழிற்சாலையிலும் பிறக்கவில்லை. அது இந்தத் தீபகற்பத்தின் காட்டிலும் சுற்றியுள்ள தீவுகளின் காட்டிலும் இருந்த ஒரு மரத்தின் பால். மலாயில் கெத்தா பெர்ச்சா. மரத்தின் பெயர் தாபான்.

மலாய்க்காரர்களும் ஓராங் அஸ்லிகளும் இதை நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். வெந்நீரில் போட்டு இளக்கி, கையால் பிடித்து, பாராங் கத்திக்குப் பிடி போட்டார்கள். 1840களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி இதைக் கவனித்து மாதிரிகளை அனுப்பிவைத்தார். அதே காலத்தில், 1843இல், ஜோசே டி'அல்மேய்டா என்ற போர்ச்சுகீசிய வணிகரும் மருத்துவருமானவர் லண்டனுக்கு மாதிரி கொண்டுபோனார். பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. காலணியின் அடிப்பாகம், குழாய், நகைப்பெட்டி, கோல்ஃப் பந்து எல்லாமே கெத்தா பெர்ச்சாவில் வர ஆரம்பித்தன. இன்றைக்கும் பல் வேர் சிகிச்சையில் பல்லுக்குள் அடைப்பது இதைத்தான். போன வருடம் என் கடைவாய்ப் பல்லுக்குள்ளும் கொஞ்சம் போனது. பல் மருத்துவரிடம் அதன் வரலாற்றைச் சொல்லலாம் என்று பார்த்தேன், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே பேசுவது.

பாலை எடுத்த முறையில்தான் பிரச்சினை. ரப்பர் மரத்தைச் சீவினால் பால் வழியும், மங்கில் பிடிக்கலாம். தாபான் மரத்துப் பால் அப்படி ஓடாது, பட்டைக்குள்ளேயே சீக்கிரம் உறைந்துவிடும். அதனால் மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையில் சுற்றிலும் வளையம் வளையமாக வெட்டி, கசிந்து உறைந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். மரம் அங்கேயே கிடந்து மக்கும். சிங்கப்பூரில் இருந்த ஆக்ஸ்லி என்ற மருத்துவர் 1847இல் ஒரு கணக்குப் போட்டார். 1845 தொடக்கத்திலிருந்து 1847 நடுப்பகுதி வரை சிங்கப்பூரிலிருந்து ஏற்றுமதியானது 6,918 பிக்குல். பிக்குலுக்குப் பத்து மரம் என்று வைத்தால் 69,180 மரங்கள். ஒரு பிக்குல் ஏறக்குறைய 60 கிலோ, ஆகவே மரத்துக்கு ஆறு கிலோ என்று வருகிறது. அவர் தாராளமாகவே போட்டிருக்கிறார். காட்டில் உண்மையில் கிடைத்தது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அப்படியென்றால் விழுந்த மரங்கள் இன்னும் அதிகம். 1850கள் முடிவதற்குள் சிங்கப்பூர் தீவில் தாபான் மரம் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. வெட்டுகிறவர்கள் ஜொகூர் காட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போனார்கள்.

ஜொகூரின் அரசியல் வரலாறும் இந்தப் பாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் அப்போது தெலோக் பிளாங்காவில் இருந்தார். பட்டம் இருந்தது, வருமானம் பெரிதாக இல்லை. கெத்தா பெர்ச்சா வியாபாரத்தைக் கைக்குள் கொண்டுவந்ததில்தான் அவர் கையில் பணம் புரண்டது. 1855 உடன்படிக்கையில், கீசாங் பகுதி தவிர, ஜொகூரின் ஆட்சி அவரிடம் வந்தது. அதே காலத்தில் தஞ்சோங் புத்ரியில் ஒரு குடியிருப்பு உருவானது. 1866இல் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் வைத்தார்கள். இந்த நகரத்துக்கு மிளகும் கம்பீரும் சீனக் கங்சூக்களும் அடித்தளம் என்று பள்ளியில் படித்தோம். அதற்கும் முன்னால் வந்த பணம் ஒரு பிளாஸ்டிக்கிலிருந்து வந்தது. எங்கள் பாடப் புத்தகத்தில் அது ஒரு வரியாகக்கூட இருந்ததாக ஞாபகம் இல்லை.

இவ்வளவு பாலும் எங்கே போனது? பெரும்பகுதி கடலுக்கடியில். கெத்தா பெர்ச்சா மின்சாரத்தைக் கடத்தாது, உப்புத் தண்ணீரில் கெடாது, ஆழ்கடலின் குளிரும் அழுத்தமும் அதற்கு ஒத்துப்போகும். கடலடித் தந்திக் கம்பியின் மேலே சுற்ற அப்போது இதைவிட்டால் வேறு பொருளே கிடையாது. 1850, 1851இல் இங்கிலீஷ் கால்வாய்க்குக் குறுக்கே போட்டார்கள். 1858இல் அட்லாண்டிக்கில் போட்ட கம்பி சில வாரங்களில் ஊமையாகிவிட, 1866இல் போட்டது நின்றது. 1870-71இல் மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கம்பி வந்து சேர்ந்தது. நம் ஆட்கள் கப்பலில் வந்த அதே கடல்வழிக்கு அடியில், இந்தப் பக்கத்துக் காட்டுப் பாலைச் சுற்றிக்கொண்டு கரும்பு விலையும் ஆள் கணக்கும் தந்தியாகப் போயிருக்கும். வரலாற்றாசிரியர் ஜான் டல்லி இதை விக்டோரியா காலத்துச் சூழலியல் பேரழிவு என்று எழுதியிருக்கிறார். மிகைப்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சின்னக் கிளைக்கதை. சில வருடங்களுக்கு முன் பிரிட்டன், பிரான்ஸ் கடற்கரைகளில் பலகை மாதிரியான கட்டிகள் ஒதுங்கின. மேலே 'சிப்பெத்திர்' என்று டச்சு எழுத்துக்கூட்டலில் பொறித்திருந்தது. ஜாவாவில் இருந்த ஒரு கெத்தா பெர்ச்சா தோட்டத்தின் பெயர் அது. முதல் உலகப் போரில், 1917இல் மூழ்கிய ஒரு ஜப்பானியக் கப்பலின் சரக்கிலிருந்து பெரும்பாலானவை வந்திருக்கலாம் என்கிறார்கள். நூறு வருடம் கடலில் கிடந்தும் எழுத்து அழியவில்லை. மரத்தில் காய்த்த பிளாஸ்டிக்கும் கடலில் இப்படித்தான் நடந்துகொள்கிறது.

இனி கதை இங்கிலாந்துக்குப் போகிறது. 1933 மார்ச்சில் ஐசிஐ நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் கிப்சன், ஃபாசெட் என்ற இருவர் எத்திலீன் வாயுவை வேறொரு ரசாயனத்தோடு சேர்த்து மிக அதிக அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பாத்திரத்தின் உள்ளே மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். இதை வைத்து என்ன செய்வது என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. முதலில் ஆர்வம் காட்டியவர்கள் கடலடிக் கம்பிக்காரர்கள், ஏனென்றால் இது அவர்களுக்குப் பழக்கமான கெத்தா பெர்ச்சா மாதிரியே இருந்தது. 1939 செப்டம்பரில் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியபோது போரும் தொடங்கிவிட்டது. உற்பத்தியானது ரேடார் கம்பிகளுக்குப் போனது. 1956இல் போட்ட முதல் அட்லாண்டிக் தொலைபேசிக் கம்பியில் கெத்தா பெர்ச்சா இல்லை, பாலிஎத்திலீன் இருந்தது.

தாபான் மரத்தின் இடத்தைப் பிடிக்க வந்த பொருள், போர் முடிந்ததும் வேறு வேலை தேடியது. வாளி, குழாய், பொம்மை, கடைசியில் பை. 1960களில் ஸ்வீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தில் ஸ்டென் குஸ்டாஃப் தூலின் என்ற பொறியாளர், ஒரே குழாய் பிலிமை மடித்து, ஒட்டி, வெட்டி, இரண்டு காது வைத்த பையை வடிவமைத்தார். நாம் இன்று கையில் பிடிக்கும் அதே பைதான். காகிதப் பைக்காக மரம் வெட்டுவது குறையும், ஆட்கள் இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள் என்று அவர் நினைத்ததாக அவருடைய மகன் பின்னால் சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் அந்தப் பையை அது உருவாக்கப்பட்ட நோக்கப்படி பயன்படுத்துகிற ஆள் எனக்குத் தெரிந்து எங்கள் பாட்டி ஒருவர்தான்.

பாட்டி ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கெத்தா பெர்ச்சாவும் ரப்பரும் வேதியியலில் அண்ணன் தம்பி. இரண்டுமே பாலிஐசோப்ரீன், சங்கிலி வளைகிற பக்கம் மட்டும் வேறு. அந்த ஒரு வளைவினால் ஒன்று இறுகிக் கிடக்கிறது, இன்னொன்று இழுத்தால் நீள்கிறது. வெட்டுகிற முறையில் வித்தியாசம் அதைவிடப் பெரியது. 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் நாள்விட்டு நாள் மெல்லிசாகப் பட்டையைச் சீவும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன் பிறகுதான் பாட்டியைப் போன்றவர்களுக்கு இங்கே வேலையே வந்தது. விடியற்காலையில் எழுந்து நிரை பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, முப்பது வருடம்.

லயத்து வீட்டில் குப்பை எப்படி இருந்தது என்று பாட்டியிடம் பல ராத்திரி கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அவர் சொன்னதில் பாதி பாத்திரங்களைப் பற்றித்தான். கோப்பிக் கடையில் கோப்பி வாங்கினால் காலிப் பால் டின்னில் ஊற்றி, மேலே ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக் கொடுப்பார்களாம். சுடும், அதனால் கயிற்றைப் பிடித்துத் தூக்கி வரவேண்டும். நாசி லெமாக் வாழை இலையிலும் பழைய பேப்பரிலும் வரும். சீனர் கடையில் சில சாமான்களைச் சிம்போ இலையில் மடித்துத் தருவார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒரு போத்தல், நல்லெண்ணெய்க்கு ஒரு போத்தல், இரண்டையும் மாற்றி எடுத்துக்கொண்டு போனால் அம்மாவிடம் அடி. அரிசி வந்த கோணிச் சாக்கு வாசலில் கால்மிதியாகும். மாவு வந்த துணிச்சாக்கு பிள்ளைகளுக்கு உள்பாவாடையாகும். வெட்டுக்காட்டுக்குத் தூக்குச்சட்டி. குப்பைக் குழி லயத்துக்குப் பின்னால் ஒன்று இருந்தது, அதில் விழுந்ததையெல்லாம் கோழி கிளறும்.

இதைக் கேட்டுவிட்டு, "ஆஹா, பழைய காலம்" என்று எழுதிவிட முடியும். பாட்டி விடமாட்டார். பிளாஸ்டிக் குடம் வந்த நாளைப் பற்றி அவர் பேசும்போது முகமே மாறிவிடும். பொதுக் குழாயிலிருந்து தகரக் குடத்தில் தண்ணீர் தூக்கி, இடுப்பில் காய்ப்பு காய்த்திருந்ததாம். "அந்தப் பச்சக் குடத்தத் தூக்குனப்போ தண்ணிய மட்டுந்தான் தூக்குன மாதிரி இருந்துச்சு." அந்தக் குடம் இருபது வருடத்துக்கு மேல் உழைத்தது. ஓட்டை விழுந்தபோது சூடு போட்டு உருக்கி அடைத்தார்கள். பாராங் கத்திக்குப் பிடி போட்டவர்கள் செய்ததும் இதே வேலைதான். பிளாஸ்டிக்கைத் திட்டுகிற கட்டுரைகளில் இந்தப் பச்சைக் குடம் வருவதே இல்லை. குடம் ஒரு விதமான பிளாஸ்டிக், பத்து நிமிடம் தே தாரிக்கைத் தாங்கிவிட்டுக் குப்பைக்குப் போகும் கட்டுப்பை இன்னொரு விதம். வேதியியல் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம், வாழ்க்கை ஒன்றல்ல.

மாற்றம் வீட்டுக்குள் நுழைந்தது அந்தக் கட்டுப்பையோடுதான் என்று அப்பா சொல்கிறார். தோட்டத்தைவிட்டுத் தாமானுக்கு வந்தபோது தூக்குச்சட்டி வெட்டுக்காட்டின் சின்னமாக மாறிவிட்டது. கடைக்கு அதை எடுத்துப்போவது மானப் பிரச்சினை. வெறுங்கையோடு போய், நான்கைந்து பையோடு வருவதுதான் நகரத்துக்காரனின் நடை. இது எங்கள் குடும்பத்து வெட்கம் மட்டும் என்று நினைக்கவில்லை. கல்யாணத்தில் எவர்சில்வர் டம்ளர் போய்ச் சின்னச் சின்னத் தண்ணீர் போத்தல் வந்ததற்கும் வேலைச் சுலபத்தோடு இதுவும் ஒரு காரணம்.

1990களின் தொடக்கத்திலிருந்து பாசிர் கூடாங்கில் டைட்டன் நிறுவனம் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தயாரிக்கிறது. 2010இல் அதைத் தென் கொரியாவின் லோட்டே வாங்கியது. பெங்கெராங்கில் பெட்ரோனாஸும் சவூதி அராம்கோவும் சேர்ந்து இன்னொரு பெரிய வளாகம் கட்டியிருக்கின்றன. நூற்றெழுபது வருடத்தில் ஜொகூர் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் உலகத்துக்குப் பிளாஸ்டிக் அனுப்பும் இடமாகியிருக்கிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2009இல் பினாங்கு பையில்லாத நாளைத் தொடங்கியது. 2011இல் நாடு முழுக்கச் சனிக்கிழமை பையில்லா நாள், வேண்டுமென்றால் 20 சென். ஜொகூர் 672ஆம் சட்டத்தை ஏற்ற மாநிலம், ஆகவே 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும், 2016 ஜூனிலிருந்து பிரிக்காவிட்டால் அபராதம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிக்கானது. 2018இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிக்கும் திட்டம் வந்தது. அதே 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவைச் சாத்த, அது எல்லாம் இங்கே திரும்பியது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பியதாக அமைச்சு அறிவித்தது. நாங்கள் வீட்டில் தயிர் டப்பாவைக் கழுவிப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் துறைமுகத்தில் அடுத்த நாட்டுக் குப்பை இறங்கிக்கொண்டிருந்தது. நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

2020இல் உலக வனவிலங்கு நிதியத்தின் அறிக்கை ஒன்று, ஒப்பிட்ட ஆறு ஆசிய நாடுகளில் தலைக்கு அதிகப் பிளாஸ்டிக் பொட்டலம் பயன்படுத்துவது மலேசியர்கள்தான் என்றது. வருடத்துக்கு 16.78 கிலோ. நாலு பேர் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாதம் ஐந்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும். பொறியாளர் புத்தி சும்மா இருக்குமா? சமையலறைத் தராசை எடுத்து ஒரு மாதம் நிறுத்துப் பார்த்தேன். 3.9 கிலோ வந்தது. பெருமைப்படலாம் என்று நினைத்துப் பிரித்துப் பார்த்தால், கடைப் பைகள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடைப் பை ஒன்று ஐந்தாறு கிராம்தான். பாதிக்கு மேல் தாப்பாவ் சாப்பாடு: டப்பா, குழம்புப் பை, கரண்டி, அதையெல்லாம் போட்டுத் தரும் பை. அடுத்தது மைலோ, மேகி மாதிரிப் பொட்டலங்கள். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறைகளை எவ்வளவு கழுவிப் பிரித்து வைத்தாலும் மறுசுழற்சிக்காரர்கள் பெரும்பாலும் எடுப்பதில்லை.

எத்தனை வருடப் பிரச்சாரம் அந்தப் பத்தில் ஒரு பங்கின் மேலேயே நடந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிரச்சாரங்களில் இலவசமாகக் கொடுத்த பருத்திப் பைகள் எங்கள் வீட்டில் பத்தொன்பது இருக்கின்றன. சாதாரண கடைப் பையை ஒரே தடவை பயன்படுத்தி எறிவதால் வரும் வெப்பமயமாதல் பாதிப்புக்குச் சமமாக வேண்டுமென்றால், ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் கணக்கிட்டது. பத்தொன்பதை 131ஆல் பெருக்கினால் 2,489. அத்தனை தடவை கடைக்குப் போக ஆயுசு போதுமா என்று அம்மா கேட்டார். தமிழ்நாட்டில் 2021இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியதைக் காட்டியபோது பாட்டி சொன்னது வேறு. "பை எதுவா இருந்தா என்ன, கையில எடுத்துட்டுப் போவணும்ல?"

ஆகவே பையை விட்டுவிட்டுத் தாப்பாவைப் பிடித்தேன். பரணிலிருந்து பாட்டியின் மூன்றடுக்குத் தூக்கை இறக்கினோம். பருப்பும் மிளகாயும் மூட்டையிலிருந்து அள்ளித் தரும் மளிகைக் கடைக்கு டப்பாவோடு போனோம். ஒரு பெரிய பேரங்காடியில் என் டப்பாவில் நிறுத்துத் தரச் சொன்னபோது, எடை ஒட்டியை ஒட்டப் பிளாஸ்டிக் பை கட்டாயம் வேண்டும் என்றார்கள். அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவது மாதம் 2.6 கிலோ, மூன்றாவது மாதம் 2.4. நான்காவது மாதம் ரமலான். பசார் ரமலானில் எதை வாங்காமல் வருவது? 3.3க்கு ஏறிவிட்டது.

தூக்கோடு முதல் தடவை ஒட்டுக்கடைக்குப் போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மீ கோரிங் இரண்டு, ரொட்டி சானாய் நான்கு சொன்னேன். கடைக்கார அண்ணன் மீயைப் பிளாஸ்டிக் பூசிய பழுப்புத் தாளில் அழகாக மடித்து, ரப்பர் வளையம் போட்டு, அந்தப் பொட்டலத்தை என் தூக்குக்குள் வைத்தார். பருப்புக் குழம்பைப் பையில் கட்டி மேலடுக்கில் வைத்தார். பிறகு தூக்கு மொத்தத்தையும் ஒரு பெரிய சிவப்புப் பையில் போட்டு நீட்டினார். "பிடிக்க வசதியா இருக்கும் தம்பி."

திருப்பிக் கொடுக்க வாய் வரவில்லை. வீட்டில் பாட்டி அந்தச் சிவப்புப் பையைக் கழுவிக் கொடியில் போட்டார். அடுத்த வாரம் கொஞ்சம் தயக்கத்தோடு, "அண்ணே, நேரா சட்டியிலயே போட்டுடுங்க" என்றேன். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? பேப்பரு மிச்சம்" என்றார் அவர். இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் "சட்டி எங்க?" என்றுதான் கேட்கிறார். வேலை முடிந்து நேராக வருகிற நாட்களில் அது என்னிடம் இருப்பதில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் டப்பாவை எடுக்கிறார், நானும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறேன்.